படிவத்தில் ஒரு வீட்டுக்காரர்

சில வருடங்களுக்கு முன்பு பழைய வீடுகளைப் பார்த்துப் படிவம் நிரப்புவதுதான் என் பிழைப்பு. புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர்கள் வாழ்ந்த வீதிகளில் இடிபடாமல் மிச்சம் இருக்கும் வீடுகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டின் வயது என்ன, யார் கட்டியது, அந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்து எப்போது குடியேறியது, இப்போது உரிமையாளர் யார், உள்ளே குடியிருப்பது யார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒப்பந்த வேலைதான். ஆனால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும், கையில் கிளிப் வைத்த அட்டை இருக்கும். மில் தொழிலாளியின் மகனுக்கு அது போதுமான கௌரவமாக இருந்தது.

கிழக்கே கடற்கரைப் பக்கத்து வீடுகளைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். சனி ஞாயிறில் அந்த மஞ்சள் சுவர்களில் சாய்ந்து படம் எடுக்கிற கூட்டத்தில் நாம் தெருவில் நடக்க முடியாது. மேற்கே இருக்கும் வீடுகளை அவ்வளவாக யாரும் சீண்டுவதில்லை. கீழே தாழ்வாரமும் முற்றமுமாகத் தமிழ் வீடு, மாடியில் வளைவு ஜன்னலும் பலகைக் கதவுமாக பிரெஞ்சு வீடு, இரண்டையும் ஒரே மனிதர் கட்டியிருப்பார். செங்கல்லின் கனத்தைப் பார்த்தே வீட்டின் வயதை என்னால் ஓரளவு சொல்ல முடியும். சுண்ணாம்புப் பூச்சை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, இது முட்டை கலந்து பூசியது, இது பிற்பாடு சிமெண்டில் ஒட்டுப்போட்டது என்று சொல்லிவிடுவேன். என் படிவங்களில் அடித்தல் திருத்தல் குறைவு என்று மேடம் மற்றவர்கள் முன்னால் சொல்வார். மேடம் என்பது எங்கள் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணி. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கனத்துவிட்டது.

குடியேற்றம் பற்றிய கேள்வியில்தான் எனக்கு எரிச்சல் வரும். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று கேட்டால் ஒருவரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். நாங்கள் பூர்வீகம், எங்களுக்கு அப்புறம்தான் கோட்டையே வந்தது என்பார்கள். அப்பா பிறந்த ஊர் விழுப்புரம் பக்கம் என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் சொல்லியிருப்பார், மகன் கல் தோன்றிய காலத்திலிருந்து ஆரம்பிப்பார். வந்து குடியேறியதாகச் சொல்வது ஏனோ எல்லாருக்கும் மட்டமாகப் படுகிறது. நான் சிரிக்காமல் எழுதிக்கொள்வேன். இவர்களுக்கு ஒரு கேள்வியைச் சரியாகக் காதில் வாங்கத் தெரியவில்லை என்று வெளியே வந்து மற்றவர்களிடம் நக்கலடிப்பேன்.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் சொல்லாமலேயே விட்டுவிடுவேன்.

அது வியட்நாமில் சைகோனுக்குப் போய்ச் சம்பாதித்துக் கொண்டுவந்த பணத்தில் கட்டிய வீடு. குடும்பம் பிற்பாடு பிரான்சுக்குப் போய்விட்டது. வாசலுக்கு மேலே சுதையில் இரண்டு மயில்கள், ஒன்றுக்குத் தலை இல்லை. கதவைத் தட்டியதும் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து திறந்தார். சாயம் போன நீலப் புடவை, இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. வீட்டைக் காவல் பார்ப்பவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. அன்று காலையிலிருந்து அது எனக்கு ஏழாவது வீடு. வெயில் மண்டையைப் பிளந்தது, வண்டியை வேறு நிழல் இல்லாத இடத்தில் விட்டிருந்தேன். உள்ளே போய் உட்காராமல் நடையில் நின்றபடியே கேட்க ஆரம்பித்தேன்.

"வீட்டுக்காரர் இருக்காராம்மா?"

"வீட்டுக்காரரு தவறிட்டாரு சார். வர்ற தை வந்தா ரெண்டு வருஷம் ஆவுது."

பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். பிள்ளைகள் இல்லை என்றார், கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு. உரிமையாளர் காலமாகிவிட்டார், நேரடி வாரிசு இல்லை என்று முதல் பக்கத்தில் எழுதினேன். குடியிருப்போர் என்ற இடத்தில் யாருமில்லை என்று எழுதினேன். காவலுக்கு இருப்பவர்களைக் குடியிருப்போராக எழுதும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அந்த அம்மா நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்று, இந்த வீட்டில் யாரும் இல்லை என்று எழுதினேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. பக்கத்தின் அடியில் தகவல் தந்தவர் கையெழுத்து வேண்டும். சும்மா ஒரு கையெழுத்துதாம்மா என்று அட்டையை நீட்டினேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் பெயரைப் போட்டார்.

இரண்டாவது பக்கத்தில் குடியேற்றம். இந்தக் குடும்பம் எப்போது இங்கே வந்தது என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "நாங்க வந்து இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு சார். தவளக்குப்பத்துலேருந்து வந்தோம். வந்தப்ப இந்த முத்தம் பூரா எருக்கஞ்செடி" என்றார். மூன்று மாதமாகத் தெருத்தெருவாக அலைந்ததில், எங்கிருந்து வந்தோம், எப்போது வந்தோம் என்று ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்ன ஒரே ஆள் அவர்தான். நான் பாதிவரை எழுதிவிட்டேன். பிறகுதான் அவர் தன் கதையைச் சொல்கிறார் என்று உறைத்தது. உங்களைக் கேட்கலம்மா, இந்த வீட்டைக் கட்டினவங்களைக் கேட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதியதைக் குறுக்கே அடித்தேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது. அது முசேவுக்குத்தான் தெரியும் என்றார்.

முசே என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மரியாதைக்குச் சொல்கிற சொல், எங்கள் ஊரில் பிரெஞ்சுத் தொடர்புள்ள வீடுகளில் வேலை செய்பவர்கள் முதலாளியை அப்படித்தான் சொல்வார்கள். தவறிப்போனவருக்குத்தானே தெரிந்திருக்கும், சரிதான் என்று எடுத்துக்கொண்டேன். கேட்ட கேள்வியைத் தன்னைக் கேட்டதாக அவர் ஒருமுறை எடுத்துக்கொண்டது கண்முன்னால் நடந்தும், அதற்கு முந்தின பதிலையும் அப்படித்தான் சொன்னாரோ என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பக்கம் புரட்டிச் சரிபார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணாந்து குடித்துவிட்டு எட்டாவது வீட்டுக்குப் போனேன்.

எங்கள் வீட்டில் அம்மா அப்பாவை உங்கப்பா என்றுதான் சொல்வார். ரெட்டியார்பாளையத்தில் நாங்கள் குடியிருந்தது வாடகை வீடு. வீட்டுக்காரர் என்றால் மாதம் பிறந்ததும் வந்து வாசலில் நின்று இருமுகிற மனிதர், கிணற்றடியில் இத்தனை தண்ணீர் ஏன் கொட்டிக் கிடக்கிறது என்று கேட்கிற மனிதர். பெண்கள் தங்கள் கணவரை வீட்டுக்காரர் என்று சொல்வதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். என் மனைவியே பக்கத்து வீட்டில் என்னை அப்படித்தான் சொல்கிறாள். இருந்தாலும் கையில் அந்த அட்டை இருக்கும்போது எனக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. இது சமாதானம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

வரைவுப் பட்டியலை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பும் ஒட்டினார்கள். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட பட்டியலை முதலில் படிப்பவர்கள் வீட்டுத் தரகர்கள். உரிமையாளர் வெளிநாட்டில், அல்லது செத்துப்போனார், வாரிசு இல்லை என்று எங்காவது ஒரு வரி இருந்தால் அவர்களுக்கு மூக்கில் வேர்த்துவிடும். பொய்ப் பத்திரம் போட்டு வீட்டை அமுக்கிய கதைகள் தெருவுக்கு ஒன்று உண்டு. அந்த வீட்டின் வாசலிலும் ஒருவர் வந்து நின்று விசாரித்திருக்கிறார். விஷயம் எதிர்வீட்டிலிருந்து தொலைபேசியில் பிரான்சுக்குப் போனது. அங்கே எண்பது வயதைத் தாண்டிய உரிமையாளர் நன்றாகச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருந்தார். தன்னைச் சாகடித்து எழுதிய காகிதத்தில் தன் வீட்டுக் காவல்காரி கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

ஊரிலேயே இருந்த அவருடைய அண்ணன் மகன் படிவத்தின் முதல் பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கூச்சல் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். மறுநாள் காலை அந்த வீட்டுக்கே வந்து எல்லாரையும் வைத்து விசாரித்துவிடலாம் என்று மேடமும் ஒத்துக்கொண்டார். அன்று இரவே எனக்குப் புரிந்துவிட்டதா என்றால், இல்லை. அந்த அம்மா தரகரோடு சேர்ந்துகொண்டு என்னை முட்டாளாக்கிவிட்டார் என்றுதான் மனைவியிடம் பொருமினேன். இருபத்திரண்டு வருடம் சோறு போட்ட வீட்டுக்கு இப்படிச் செய்வார்களா என்றுகூடச் சொன்னேன்.

கூடத்தில் நாலு பேர் இருந்தோம். அண்ணன் மகன், மேடம், நான் மூவரும் பிரம்பு நாற்காலியில். அந்த நாற்காலிகளை அந்த அம்மாதான் மாடியிலிருந்து தூக்கிவந்து துடைத்துப் போட்டிருந்தார். அவர் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். என் மடியில் கிளிப் அட்டை, அதில் அசல் படிவம், இரண்டு பக்கமும் சேர்த்துப் பின் குத்தியது.

முசே உயிரோடு இருக்கும்போது செத்துவிட்டார் என்று ஏன் சொன்னாய், யார் சொல்லிக்கொடுத்தது என்று அண்ணன் மகன் கேட்டார். அந்த அம்மாவுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ, நான் முசேவ சொல்லலீங்க. எங்க வீட்டுக்காரரு தவறிட்டாருன்னு சொன்னேன். வீட்டுக்காரர் இருக்காரான்னு சார் கேட்டாரு. அவரு தவறித்தான போயிட்டாரு" என்றார்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நடையில் நின்றது, தை மாதம், பிள்ளைகள் இல்லை என்று அவர் தலையைக் குனிந்தது, எல்லாம். புருஷன் செத்துப்போன, பிள்ளையில்லாத ஒரு பெண்ணிடம் நான் அவருடைய சொந்தக் கதையைக் கேட்டு வாங்கி, இன்னொருவர் பேரில் எழுதியிருக்கிறேன்.

அண்ணன் மகன் அந்த அம்மாவை நம்பவில்லை. நம்பாததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வாசலில் தரகர் வந்து நின்றது உண்மை, காகிதத்தில் கையெழுத்து இருந்தது உண்மை. இது நன்றாக யோசித்துச் சொல்கிற சாக்கு மாதிரி இருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சார். ஓனரைப் பத்திதான் கேக்கறீங்கன்னு தெளிவா புரியற மாதிரி கேட்டீங்களா, இல்லியா?"

மேடமும் என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த கட்டக் கணக்கெடுப்புக்கு என் பெயரை மட்டும்தான் எழுதிக் கொடுத்திருப்பதாக மேடம் முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளபடி சொன்னால் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லாதவன் என்ற பேர் போய்விடும். ஒரு தமிழ்ச் சொல்லைப் புரிந்துகொள்ளத் தெரியாதவன் ஊரின் வரலாற்றை எழுத வந்துவிட்டான் என்று ஆகிவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தெளிவாத்தான் கேட்டேன். அவங்க சொன்னதைத்தான் எழுதினேன்" என்றேன்.

இரண்டாவது வாக்கியம் உண்மை. அதனால் குரல் நடுங்கவில்லை. மடியில் இருந்த படிவத்தின் இரண்டாவது பக்கத்தைப் புரட்டிக் காட்டியிருந்தால் போதும். குறுக்கே அடித்த அந்த இருபத்திரண்டு வருடம் அதில் இருந்தது. இவர் எல்லாக் கேள்விக்கும் தன்னைப் பற்றித்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார் என்று எந்தக் குழந்தைக்கும் அது விளங்கியிருக்கும். என் கை அந்தக் காகிதத்தின் மேலேயே இருந்தது. அட்டையின் கிளிப்பை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா என்னோடு வாதாடவில்லை. பொய் சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒருவேளை நான் உடைந்திருப்பேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை, குழப்பம்தான் இருந்தது. நான் படித்தவன், அட்டை மாட்டியவன். நான் தெளிவாகக் கேட்டேன் என்றால் தெளிவாகத்தான் கேட்டிருக்க வேண்டும், தனக்குத்தான் காது சரியாகக் கேட்கவில்லை என்று அவர் நினைக்கத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது.

வாரக் கடைசிக்குள் சாவியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள். போலீசுக்குப் போகாமல் விட்டதே பெரிய மனது என்று மேடம் திரும்பி வரும்போது சொன்னார். ஆமாம் மேடம் என்றேன். அந்த வெள்ளிக்கிழமை நான் வேண்டுமென்றே அந்த வீதியைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு கிரைண்டர், புருஷனின் படம், இவ்வளவும் ஒரே ஆட்டோவில் அடங்கிவிட்டதாகப் பிற்பாடு எதிர்வீட்டில் சொன்னார்கள்.

கணினியில் இருந்த பதிவைத் திருத்தும் வேலையும் என்னிடமே வந்தது. உரிமையாளர் பிரான்சில் வசிக்கிறார் என்று மாற்றினேன். குடியிருப்போர் யாருமில்லை என்ற வரியை மாற்றத் தேவை இருக்கவில்லை, இப்போது அது சரியாகவே இருந்தது. அடுத்த கட்ட வேலை எனக்குக் கிடைத்தது. அந்த வீட்டை ஒருவர் குத்தகைக்கு எடுத்துச் சுண்ணாம்பு பூசி, மயிலுக்குத் தலை வைத்து, தங்கும் விடுதியாக்கிவிட்டார். வரவேற்பறையில் மாட்டியிருக்கும் வீட்டு வரலாறு நான் எழுதியதுதான். சைகோனும் பிரான்சும் அதில் விரிவாக இருக்கின்றன. எருக்கஞ்செடி வெட்டியவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒன்பது மாதம் கழித்துத்தான் அவரைத் தேடிப் போனேன். நல்லவனாகிவிட்டதால் இல்லை. படிவத்தோடு ஒரு வாசலில் நின்று வீட்டுக்காரர் என்று வாயெடுக்கும்போதெல்லாம் நாக்கு புரளாமல் நின்றது. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று ஒரு கிழவர் என்னைக் கேட்டே விட்டார். சொல்லிவிட்டால் தொல்லை தீரும் என்று கிளம்பினேன். அதிலும் என் சௌகரியம்தான் முன்னால் நின்றது. பெரிய மார்க்கெட்டில் இரண்டு கிலோ சாத்துக்குடி வாங்கிக்கொண்டு கடலூர் சாலையில் வண்டியை விட்டேன். என் தப்பு, நான் தெளிவாகக் கேட்கவில்லை, அன்று உங்கள் முன்னாலேயே பொய் சொன்னேன், முசேவுக்கு எழுதிப் போடுகிறேன். இந்த நாலையும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

தவளக்குப்பம் சந்திப்பில் விசாரித்ததும் சொல்லிவிட்டார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் தங்கை வீடு. அதன் முன்பக்கம் இட்லி மாவு அரைத்து விற்கிற கடை, கடை என்றால் ஒரு மேசையும் தட்டியும்தான். அவர் மாவைப் பையில் ஊற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்து, மாவுக் கையோடு கும்பிட்டார். தங்கையைக் கூப்பிட்டு ஸ்டூல் போடச் சொன்னார். டீ வாங்கிவர ஆளை அனுப்பினார். நான் உட்கார்ந்து, எங்கே ஆரம்பிப்பது என்று சாத்துக்குடிப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீங்க வந்ததே நல்லதாப் போச்சு சார். நானே வந்து பாக்கணும்னு இருந்தேன், எந்த ஆபீசுன்னு தெர்ல. என்னால உங்களுக்குக் கெட்ட பேரு வந்திருக்கும். அன்னிக்கு நீங்க இன்னா கேட்டீங்கன்னு புரியாம நான் இன்னாத்தையோ சொல்லித் தொலைச்சிட்டேன். அத்தனை பேருக்கு முன்னால உங்களக் கேள்வி கேக்கற மாதிரி ஆயிடுச்சு. வேலைக்கு ஒண்ணும் ஆவலியே சார்?"

வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். அவர் மார்பில் கையை வைத்துப் பெருமூச்சு விட்டார். "அப்பாடா. அதுதான் எனக்கு ஒறுத்திக்கினே இருந்துச்சு. மன்னிச்சுக்குங்க சார்" என்றார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த நாலு வாக்கியமும் எனக்குத் தெரியும். முதல் வார்த்தை வாய்வரை வந்தது. அவர் நின்றுகொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தார், தங்கையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்லம்மா. அதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. நீங்க பெரிய மனசுக்காரர் சார் என்று தங்கையிடமும் திரும்பிச் சொன்னார். டீ வந்தது, குடித்தேன். கிளம்பும்போது மாவு ஒரு பை கொடுத்தார், அதையும் வாங்கிக்கொண்டேன். இப்படியாக, நான் செய்த தப்புக்கு அந்த அம்மாவை மன்னித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.